வாசித்துக் காட்டக் கேட்டேன்

“உனக்கு எழுத்து தெரியலையா, இல்ல தொண்டையே இல்லையா?”

ஒன்பதாம் வகுப்பில் தமிழ் ஐயா என்னிடம் கேட்ட கேள்வி இது. எழுந்து நின்று பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். எழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பாடத்தை முந்தின வாரமே படித்து முடித்திருந்தேன். ஆனால் நாற்பது பேர் திரும்பிப் பார்த்ததும் தொண்டைக்குள் ஏதோ கதவு சாத்திக்கொண்டது. வகுப்பே சிரித்தது. அதன் பிறகு யாரும் என்னைத் தனுஷா என்று கூப்பிடவில்லை. ஊமைக் கோட்டான் என்றார்கள். பத்தாம் வகுப்பில் பாதியோடு நின்றுவிட்டேன்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. பின்னால் நடந்ததெல்லாம் வாசித்ததால்தான் நடந்தது. நான் கதை கட்டுகிற ஆள் இல்லை. யாருக்கும் காட்டாத நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் தேதி, மணி எல்லாம் அன்றன்றைக்கே எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். பயந்த சுபாவம் உள்ளவர்கள் பகலில் படித்துக்கொள்ளலாம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அதுவும் உதவாது. இது ராத்திரியில் நடக்கவில்லை. மத்தியானம் இரண்டு நாற்பதுக்கு நடந்தது.

போன அக்டோபர் 27, திங்கட்கிழமை. கருணாபுரத்திலிருந்து நடந்துபோய்க் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, தியாகதுருகத்தில் இறங்கினேன். கோட்டை மலைக்குக் கீழே ஒரு பெரிய வீடு. நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் ராவ்பகதூர் ஆதிமூலம் பிள்ளை என்ற வக்கீல் வாழ்ந்த வீடு அது. கடலூர் கோர்ட்டில் பேர் வாங்கி, பிறகு சென்னையில் கவர்னருடைய சட்டசபையில் உட்கார்ந்தவர். அவர் எழுந்து பேசினால் வெள்ளைக்காரர்களே பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்களாம். அவருடைய கடிதங்கள், டைரிகள், குறிப்புகள் எல்லாம் ஆறு தகரப் பெட்டிகளில் கிடந்தன. அவற்றைச் சென்னையில் ஒரு ஆவணக் காப்பகத்துக்குக் கொண்டுபோக வந்தவர் எழில்மதி மேடம். உதவிக்கு ஆள் தேடியபோது, கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எங்கள் ஊர் நூலகத்து அண்ணன் என் பெயரைச் சொல்லியிருந்தார்.

“எது வரைக்கும் படிச்சிருக்க?” என்று மேடம் கேட்டார்.

பத்து விரலையும் விரித்துக் காட்டினேன். பிறகு ஐந்தை மடக்கினேன்.

“அஞ்சாவதா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“ஓ... பத்துல பாதியா!” சிரித்துவிட்டார். “பேச மாட்டியா? பரவாயில்ல. வாய் ஓயாத ஆளுங்கள வெச்சிக்கிட்டு நான் பட்டதே போதும்.”

வேலை எளிமையானது. ஒவ்வொரு தாளாக எடுக்க வேண்டும். தூசி தட்டி, செல்போனில் படம் பிடித்து, யார் யாருக்கு எழுதியது, என்ன விஷயம் என்று பட்டியலில் எழுத வேண்டும்.

“பழைய கையெழுத்துல புள்ளி இருக்காது,” என்று ஒரு தாளைக் காட்டினார். “ஒத்தைக் கொம்பு, ரெட்டைக் கொம்பு வித்தியாசமும் கெடையாது. எல்லாத்துக்கும் ஒரே கொம்புதான். ‘கெட்டான்’னு எழுதினாலும் ‘கேட்டான்’னு எழுதினாலும் ஒண்ணு போலத்தான் இருக்கும். முன்னப் பின்ன பார்த்து நீதான் கண்டுபிடிக்கணும்.”

கிளம்பும்போது சொன்னார். “வியாழக்கிழமை வருவேன். சுத்தமா முடிச்சு வெச்சீன்னா நீயும் என்கூட சென்னைக்கு வந்துடு. எங்க ஆபீஸ்ல வருஷம் பூரா இதே வேலைதான். ஹாஸ்டல் இருக்கு. ஆனா ஒண்ணு... தாள்ல பேனா படக் கூடாது. புதுசா ஒரே ஒரு கோடு விழுந்தாலும் அதோட சரி. எதுக்கும் உன்னக் கூப்பிட மாட்டேன்.”

பேசாமல் செய்கிற வேலை. வருஷம் பூராவும். அப்படி ஒரு இடம் உலகத்தில் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எப்படியாவது அங்கே போய்விட வேண்டும் என்று இருந்தது.

மேடம் போனதும் வீடு அமைதியாகிவிட்டது. பின்கட்டில் காவலுக்கு இருந்த சாலம்மாள் அக்கா மட்டும்தான். முன்னறையின் சாவியைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

“இன்னா பொண்ணே, இவ்ளோ பெரிய வூட்ல ஒண்டியா குந்திக்கினு இருப்பியா? பயமா கீதுன்னா கூப்டு. ஆனா மத்தியானத்துல கூப்டாத. சாப்ட்டா எனக்குக் கண்ணு சொருவிக்கும்.”

அறைக்கு ஒரே கதவு. வெளியே பின்கட்டு வரைக்கும் போகும் நீளமான நடை. மேஜை ஜன்னலைப் பார்த்து இருந்தது. உட்கார்ந்தால் முதுகு கதவுப் பக்கம் வரும்.

அன்று மத்தியானம் 2.40. முதுகுக்குப் பின்னால், நடையில், ஒரு சத்தம். ‘சொத்...’ ஈரத் துணியோடு யாரோ தரையில் உட்கார்ந்தது போல. சாலம்மாள் அக்கா துவைத்துவிட்டு வந்திருப்பார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் பேச வேண்டி வரும்.

ஐந்து மணிக்குக் கிளம்பும்போது பார்த்தேன். நிலைப்படிக்கு வெளியே, சுவரோரமாகத் தரை நனைந்திருந்தது. ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு. சாலம்மாள் அக்காவிடம் கையைக் காட்டினேன்.

“மழை பேஞ்சா ஒழுவும்,” என்றார்.

மேலே பார்த்தேன். கூரை காய்ந்திருந்தது. அன்று மழையும் இல்லை.

மறுநாள் செவ்வாய். நாலாவது பெட்டியின் அடியில் அந்தத் தாள்கள் கிடைத்தன. மூன்று தாள். நீளமாக மடித்து, மற்ற எதோடும் சேராமல் ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தது. தலைப்பில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்.

‘1884ம் வருஷம் அக்டோபர் மாதம் 29ந் தேதி, கல்வராயன் மலையிலிருக்கும் இருசாயி, வயது சுமார் முப்பது, இடது கையில் சுண்டுவிரல் இல்லை, சொல்லி எழுதிவைத்த வாக்குமூலம்.’

கடைசித் தாளின் முடிவில் இப்படி இருந்தது. ‘மேற்படி வாக்குமூலத்தை வாசித்துக் காட்டக் கேட்டேன். சரியென்று ஒப்பிக் கீறல் போட்டேன்.’ அதற்குக் கீழே இடது ஓரத்தில் ‘இது’ என்றும், வலது ஓரத்தில் ‘இருசாயி கீறல்’ என்றும் எழுதி, நடுவில் இடம் விட்டிருந்தது. எழுதத் தெரியாதவர்கள் அந்த இடத்தில்தான் ஒரு கோடு கிழிப்பார்கள். இடம் காலியாக இருந்தது.

2.31க்குப் படம் பிடித்து மேடத்துக்கு அனுப்பினேன். குரல் பதிவு வந்தது.

“இது கோர்ட்டு கேஸ் கட்டுல இருக்க வேண்டியதாச்சே... சொந்தக் கடுதாசியோட எதுக்கு வெச்சிருக்காரு? சரி, தனியா எடுத்து வை.”

புள்ளி இல்லாத எழுத்தைக் கண்ணால் மட்டும் படிக்க முடியாது. வாய்க்குள் சொல்லிப் பார்த்தால்தான் பிடிபடும். அப்படி மெல்ல முணுமுணுத்தேன். ‘...இருசாயி, வயது சுமார் முப்பது...’

“ம்.”

முதுகுக்குப் பின்னால்.

திரும்பினேன். யாரும் இல்லை. நடை காலியாக இருந்தது. சுவரோரம் மட்டும் தரை மறுபடியும் நனைந்திருந்தது. செல்போனைப் பார்த்தேன். 2.40.

அடுத்த வரியை முணுமுணுத்தேன். ‘எனக்கு அப்பன், அண்ணன், தம்பி இல்லை.’

“ம்.”

கதை கேட்கிறவர்கள் ‘ம்’ கொட்டுவார்களே... அதே ‘ம்’. சொல்லு, கேட்கிறேன் என்கிற ‘ம்’.

அப்போதே எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஏன் ஓடவில்லை என்று கேட்டால் உண்மையைச் சொல்கிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுவரை நான் சொல்லி யாரும் ‘ம்’ கொட்டியதில்லை. அம்மா வேலைக்குப் போய் வந்தால் படுத்துவிடுவாள். பேச வேறு ஆளில்லை. பதினேழு வயதில் முதல் தடவையாக என் குரலுக்கு ஒரு பதில் வந்தது. அது யாருடையது என்று நினைத்துப் பார்க்க நான் விரும்பவில்லை.

மூன்று மணிக்கு வானம் மூடி, கரண்டும் போய்விட்டது. அறை இருட்டியது. தாள்களை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது. வாசித்துக் காட்டக் கேட்டேன் என்று வக்கீலுடைய குமாஸ்தா முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் கீறல் இல்லை. அப்படியென்றால் யாரும் வாசித்துக் காட்டவே இல்லை.

அவள் இன்னும் கேட்கவில்லை.

புதன்கிழமை, 29. காலையிலிருந்து மழை. பெட்டி வேலையெல்லாம் ஒரு மணிக்கே முடிந்துவிட்டது. பட்டியல் சுத்தமாக இருந்தது. ஒரு தாளிலும் கறை இல்லை. சென்னை நிச்சயம் என்று தெரிந்துவிட்டது. அப்படியே கிளம்பியிருக்கலாம்.

மேஜையில் மூன்று தாளையும் விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

2.38... 2.39...

‘சொத்.’

தண்ணீர் குடித்தேன். தொண்டைக்குள் அந்தக் கதவு சாத்திக்கொள்ளப் பார்த்தது. கண்ணை மூடித் திறந்தேன். முணுமுணுப்பாக இல்லாமல், வாயைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து சத்தமாக ஆரம்பித்தேன்.

‘என் புருஷன் போன வருஷம் காய்ச்சலில் இறந்துபோனான்.’

“ம்.”

‘என் பிள்ளை சடையன், வயது எட்டு, எங்கள் மலையில் பண்ணைக்காரருடைய பெரிய வீட்டில் மாடு மேய்த்து வந்தான்.’

“ம்.”

‘ஆவணி மாதத்தில் ஒரு மாடு பள்ளத்தில் விழுந்து செத்தது.’

“ம்.”

‘அன்று முதல் என் பிள்ளையை நான் பார்க்கவில்லை.’

மழை மட்டும். பிறகு மெல்ல...

“ம்...”

‘கேட்டதற்கு, தேன் எடுக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்தான் என்று சொன்னார்கள்.’

“ம்.”

‘பிள்ளை தேன் பாறையடியில் கிடக்கிறான்.’

பதில் இல்லை.

காத்திருந்தேன். செல்போனில் 2.52. காதில் விழவில்லையோ என்று மறுபடி வாசித்தேன்.

‘பிள்ளை தேன் பாறையடியில் கிடக்கிறான்.’

‘சொட்...’

தண்ணீர் சொட்டும் சத்தம். நடையில் இல்லை. நிலைப்படிக்கு உள்ளே.

‘சொட்... சொட்...’

அறையின் நடுவில்.

மூன்றாவது தடவை வாசித்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். என் நாற்காலிக்குப் பின்னால் ஆற்றுத் தண்ணீரின் வாசம். ஊறிய இலை, சேறு... குளிர்.

அவளுக்குக் கோபம்.

நான் தப்பாக வாசிக்கிறேன்.

தாளைப் பார்த்தேன். ஒரே கொம்பு. ஒற்றையா, இரட்டையா? தேன் எடுக்கப் போய் விழுந்தான் என்பது அவர்கள் சொன்னது. அதையே இவளும் சொல்ல வருவாளா? அதைச் சொல்லவா மலையிறங்கி வக்கீல் வீடு தேடி வந்தாள்? அடுத்த வரியில் கண்ணை ஓட்டினேன். ‘அது பெரிய வீட்டுக் களஞ்சியத்துக்குப் பின்னால் இருக்கிறது.’

அந்தக் கொம்பின் மேல் விரலை வைத்தேன்.

‘பிள்ளை... தென் பாறையடியில் கிடக்கிறான்.’

“ம்ம்ம்ம்...”

என் காதோடு.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

‘அது பெரிய வீட்டுக் களஞ்சியத்துக்குப் பின்னால் இருக்கிறது. விழுந்தவன் அங்கே எப்படிப் போவான்?’

“ம்.”

‘மேலே கல் அடுக்கியிருக்கிறது. நான் கல்லை எடுத்துப் பார்த்தேன்.’

“ம்...”

‘மேற்படி வாக்குமூலத்தை வாசித்துக் காட்டக் கேட்டேன். சரியென்று ஒப்பிக் கீறல் போட்டேன்.’

முடிந்தது.

மழை நின்றிருந்தது.

என் இடது தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது.

ஈரக் கை. வெளிறி, ஊறிப்போன தோல். தாளின் ஓரத்தில் ஊன்றியது. எண்ணினேன். நான்கு விரல்.

வலது பக்கம் இன்னொரு கை. ஆள்காட்டி விரல் நுனி மை தோய்ந்து கறுப்பாக இருந்தது.

புதுசா ஒரே ஒரு கோடு விழுந்தாலும் அதோட சரி... மேடத்தின் குரல் கேட்டது. தாள் என் கைக்குக் கீழேதான் இருந்தது. ஒரே இழுப்பில் இழுத்திருக்கலாம்.

தாள் நகராமல் இருக்க, மறு ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன்.

விரல் இறங்கியது.

‘சர்ர்ர்...’

மணி 3.04.

பிறகு அறையில் நான் மட்டும் இருந்தேன். தரை காய்ந்திருந்தது. உள்ளேயும், நடையிலும். “அக்கா...” என்று கூப்பிட்டேன். எதற்கு அவளை அப்படிக் கூப்பிட்டேன் என்று தெரியவில்லை. யாரும் ‘ம்’ சொல்லவில்லை. அந்த அமைதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வியாழக்கிழமை காலை ஒரு துணிப்பையில் என் சாமான்களை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு சுடிதார், ஒரு போர்வை, நோட்டுகள். மேடம் 11.15க்கு வந்தார். பட்டியலைப் புரட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். கடைசியாக அந்தத் தாளை எடுத்தார்.

“இது என்ன?”

‘இது’ என்பதற்கும் ‘இருசாயி கீறல்’ என்பதற்கும் நடுவில் சாய்வாக ஒரு கோடு. தன் செல்போனில் நான் அனுப்பிய படத்தைத் திறந்தார். அதில் கோடு இல்லை.

“செவ்வாக்கிழமை இல்ல. இன்னிக்கி இருக்கு. யாரு பண்ணது?”

நான் நடைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“தனுஷா, உன்னத்தான் கேக்கறேன். யாரு?”

சத்தம் கேட்டுச் சாலம்மாள் அக்கா வந்து எட்டிப் பார்த்தார். “நான் அந்தாண்ட போவவே இல்லீங்க மேடம். இந்தப் பொண்ணும் இதோட கூட்டாளியும்தான் இருந்தாங்க.”

“கூட்டாளியா?”

“நேத்து மத்தியானம் இது கதை படிச்சிக்கினு இருந்துச்சு. நல்லா கணீர்னு. அட, இதுக்கு இவ்ளோ சத்தம் கீதான்னு படுத்துக்கினே கேட்டேன். கூடவே ஒரு பொம்பள ‘ம்’ கொட்டிக்கினு இருந்துச்சு. எப்ப வந்தா, எப்ப போனான்னு நான் பாக்கல.” என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். “ஊமன்னு நெனச்சா ஊருக்கே கதை சொல்லும் போல கீது.”

மேடம் சிரிக்கவில்லை. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் கோட்டை நெடுநேரம் பார்த்தார்.

“இது புது மை இல்லையே...” தனக்குள் சொல்வது போலச் சொன்னார். “பழுப்பாயிருக்கு. தாளுக்குள்ள ஊறி அந்தப் பக்கம் வரைக்கும் அரிச்சிருக்கு. மத்த எழுத்து எப்படியோ அதே மாதிரி.”

பிறகு ஏதோ தோன்றியவராக இரண்டாவது பெட்டியைத் திறந்தார். 1884ஆம் வருஷத்து டைரியை எடுத்தார். வக்கீல் டைரியை இங்கிலீஷில்தான் எழுதுவார். கூட்டெழுத்து. எனக்குப் படிக்க வராது. அதனால் அதன் அட்டையை மட்டும்தான் நான் படம் பிடித்திருந்தேன். மேடம் நவம்பர் மாதத்தைத் தேடிப் பிடித்தார். விரலை வைத்து, நிறுத்தி நிறுத்தி, தமிழில் சொன்னார். அன்று சாயங்காலம் நினைவிலிருந்து அதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

‘நவம்பர் 6. மலையிலிருந்து வந்த இருசாயியின் வாக்குமூலத்தைப் போன மாதம் 29ந் தேதி மத்தியானம் இந்த அறையில் எழுதி முடித்தோம். கடலூர் போக வண்டி பூட்டி நின்றதால், நாளை வா, வாசித்துக் காட்டிக் கீறல் வாங்கிக்கொள்கிறேன் என்று அனுப்பினேன். இன்று போலீஸ் காகிதம் வந்தது. கோமுகி ஆற்றில் ஒரு பெண் பிணம் எடுத்திருக்கிறார்கள். மலை ஜாதி. வயது முப்பது. இடது கையில் சுண்டுவிரல் இல்லை. இருசாயி என்று அவள் ஊரார் அடையாளம் காட்டினார்கள். பிணம் எடுத்த தேதி அக்டோபர் 26.’

மேடம் நிறுத்தினார். தேதியை மறுபடி பார்த்தார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

“இருபத்தாறு,” என்றார். “இருபத்தாறுதான்.”

கீழே இன்னும் நாலு வரி இருந்தது. அதை வாசிக்கும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

‘தினமும் அதே நேரத்துக்கு வருகிறாள். நடையில் உட்காருகிறாள். நான் வாசித்துவிட்டால் கீறல் போட உள்ளே வருவாள். சபையில் எத்தனையோ பேர் முன்னால் பேசியிருக்கிறேன், இந்த மூன்று தாளை என்னால் வாசிக்க முடியாது.’

டைரியை மூடினார். சாலம்மாள் அக்கா எப்போது போனார் என்று தெரியவில்லை.

மேடம் அந்தக் கோட்டைப் பார்த்தார். பிறகு என் வாயைப் பார்த்தார். முகத்தை அல்ல, வாயை மட்டும். நான் மறுபடி எதையாவது சொல்லி யாரையாவது வரவழைத்துவிடப் போகிறேன் என்பது போல.

நிஜமாகவே சொல்ல நினைத்தேன். என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று. அன்றைக்கு என் தொண்டை திறந்துதான் இருந்தது.

“மேடம்...” என்றேன்.

அவர் பின்னால் நகர்ந்தார். கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டார். ஆறு பெட்டியும், பட்டியலும், என் துணிப்பையும் அப்படியே இருக்க, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.